பனையுமன்று, ஈந்துமன்று

வெளுத்ததெல்லாம் பாலன்று என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வாறே, ஓலை விரித்ததெல்லாம் பனையன்று என்றும் அவர்கள் சொல்லிவைத்திருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்! நம் ஊர்களில் புதிதாக எழும் வீடுகளின் வாயிலிலும், மண்டபங்களின் முற்றத்திலும், கருமையான குட்டைத் தண்டும் அதன் உச்சியிலே குடைபோல வட்டமாக விரிந்த கரும்பச்சைக் கீற்றுகளுமாக ஒரு செடி நிற்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். கன்று விற்பவர்கள் அதனை 'சாகோ பாம்' என்பர். சிலர் 'யப்பான் பனை' என்பர். இன்னுஞ் சிலர் 'குட்டை ஈந்து' என்று கூறி விலை பேசுவர். எம் வீட்டு முற்றத்திலும் அத்தகைய செடி ஒன்று இருபது ஆண்டுகளாக நிற்கின்றது. அதனைக் கண்ட எம் பெரியம்மா ஒருவர், "தம்பி, இந்தப் பனை எப்ப நுங்கு தரும்?" என்று ஒருமுறை கேட்டார்.

அது ஒருபோதும் நுங்கு தராது. ஏனெனில் அது பனையன்று, ஈந்துமன்று. பனைக்கும் அதற்கும் உள்ள உறவிலும் பனைக்கும் நெல்லுக்கும் உள்ள உறவே நெருங்கியது என்றால் பலர் நம்பமாட்டார்கள். அதன் பெயர் சைக்கசு. அதனைச் சரியாக அறிந்துகொள்வது தாவரவியல் படிக்கும் மாணவருக்கு மட்டுமுரிய காரியமன்று. முற்றத்திலே குழந்தைகளும் நாயும் ஆடுமாடும் உலவுகின்ற எந்த வீட்டாருக்கும் அது அவசியமானது. ஏன் அவசியம் என்பதைப் பின்னர் கூறுவோம்.

பெயரிலே பிறந்த மயக்கம்

இச்செடியைப் பனையென்று மயங்கியவர் எம் பெரியம்மா மட்டுமல்லர். கொச்சியிலே ஒல்லாந்தரின் ஆட்சித் தலைவராயிருந்த வான் றீடே என்பவர், மலையாள நாட்டு மரஞ்செடிகளை அந்நாட்டு வைத்தியர்களின் துணைகொண்டு ஆராய்ந்து, 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலை வெளியிட்டார். 1678 தொடக்கம் 1693 வரை 12 பாகங்களாக வந்த அந்நூலில் இச்செடியும் இடம்பெற்றது. அங்கே அதற்கு வழங்கப்பட்ட பெயரின் ஈற்றில் நிற்பது நம் பனையைக் குறிக்கும் சொல்லே. பின்னர் 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இதற்குச் சைக்கசு என்னும் பெயரைச் சூட்டியபோதும் பனைகளோடு சேர்த்தே வைத்தார். சைக்கசு என்னும் பெயர்தானும், ஒருவகைப் பனையைக் குறித்த பழைய கிரேக்கச் சொல்லொன்று ஏடு படியெடுத்தவரின் கைப்பிழையால் உருமாறிப் பிறந்தது என்பர் அறிஞர். பிழையிலே பிறந்த பெயர், பிழையான இனத்திலே போய் அமர்ந்துகொண்டது!

நம்மவர் வழக்கிலும் இம்மயக்கம் இல்லாமலில்லை. தமிழிலே ஈந்து என்றால் ஈச்சமரத்தை நினைக்கின்றோம். மலையாளத்திலோ ஈந்து என்பது சைக்கசையே குறிக்கின்றது. சிங்கள மக்கள் இதனை 'மடு' என்பர். தமிழில் மடு என்பது ஆழமான நீர்நிலை. ஆகவே பெயரை நம்பிச் செடியை அறிய முயல்வது பயன்தராது. செடியையே பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்தில் தொல்காப்பியம் எமக்குத் துணைவருகின்றது. வெளிப்புறத்தில் வயிரங் கொண்டவற்றைப் புல் என்றும், உட்புறத்தில் வயிரங் கொண்டவற்றை மரம் என்றும் அந்நூலின் மரபியல் பகுத்துரைக்கின்றது. பனையும் தென்னையும் கமுகும் எவ்வளவு உயர்ந்து நின்றாலும் புல்லினமே என்ற அக்கருத்தை இக்காலத் தாவரவியலும் ஒப்புகின்றது. பனையும் நெல்லும் மூங்கிலும் ஒருவித்திலைத் தாவரங்கள். சைக்கசைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாலோ, புறத்திலும் வயிரமில்லை, அகத்திலும் வயிரமில்லை. நடுவே மாப்பொருள் நிறைந்த மென்மையான சோறு. அதனைச் சுற்றிச் சிறிதளவு மரம். வெளியே உதிர்ந்த இலைகளின் அடிக்கட்டைகளால் ஆகிய கவசம். அது பூக்காத செடி, கனியாத செடி. பைன் மரத்தைப் போல வித்துமூடியிலி இனத்தைச் சேர்ந்தது. வித்தைக் கனிக்குள் பொதிந்துவைக்கும் வித்தையை அது கற்கவில்லை.

அடையாளங் காணும் வழி

பனையினத்தையும் சைக்கசையும் பிரித்தறிய நான்கு அடையாளங்களைக் கூறலாம். நூலகத்துக்குச் செல்லாமல், உருப்பெருக்கிக் கண்ணாடியும் இல்லாமல், முற்றத்தில் நின்றபடியே இவற்றைப் பார்த்துவிடலாம்.

முதலாவது, சிற்றிலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தென்னங்கீற்றிலும் ஈச்சங்கீற்றிலும் நரம்புகள் பல, நெடுகிலும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும். சைக்கசின் சிற்றிலையிலோ நடுவே ஒரேயொரு நரம்பு மட்டும் தடித்து ஓடும். பக்க நரம்புகள் இரா. பனையினத்து ஓலை மடிந்து மடிந்து அமைந்திருக்கும். ஈச்சஞ் சிற்றிலை ஒரு சிறு தோணிபோல மேல்நோக்கி மடிந்திருக்கும். சைக்கசின் சிற்றிலை தட்டையாகவோ, அல்லது யப்பானிய இனத்திற் காண்பதுபோல ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டோ காணப்படும்.

இரண்டாவது, குருத்து விடும் முறை. தென்னையும் பனையும் நடுவிலிருந்து ஈட்டிபோல ஒவ்வொரு குருத்தாக விடும். முதலாவது விரிந்து முடியுமுன் இரண்டாவது எட்டிப்பார்க்கும். சைக்கசு பல மாதங்கள் ஒன்றுஞ் செய்யாமல் இருந்துவிட்டு, திடீரென ஒரு நாள் உச்சியில் வட்டமாக ஒரு கூட்டம் இலைகளை ஒருங்கே எழுப்பும். அவ்விளங் கீற்றுகளின் சிற்றிலைகள் கடிகார வில்போலச் சுருண்டிருந்து மெல்ல மெல்ல அவிழும். பன்னச் செடி குருத்து விடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுருள் நினைவுக்கு வரும். தொட்டால் பட்டுப்போல மென்மையாயிருக்கும் அவ்விலைகள், சில வாரங்களில் ஊசிபோலக் கூர்மை பெற்றுவிடும்.

மூன்றாவது, தண்டு. தென்னையிலும் கமுகிலும் விழுந்த ஓலையின் தழும்பு வளையமாகத் தண்டைச் சுற்றியிருக்கும். சைக்கசின் தண்டில் வளையங்கள் இரா. பழைய இலைகளின் அடிகள் செதில் செதிலாக நெருங்கிப் போர்த்தியிருக்கும். ஆயினும் இவ்வடையாளத்தை மட்டும் நம்பிவிடலாகாது. இளம் வடலியிலும் கருக்குமட்டையின் அடிகள் அவ்வாறே ஒட்டிக்கொண்டிருப்பதை யாழ்ப்பாணத்தார் அறிவர். ஆதலின் தண்டை மற்ற மூன்றோடுஞ் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

நான்காவதே ஐயத்துக்கு இடமற்ற அடையாளம். பனைக்குப் பாளை உண்டு. பாளையிலே பூ உண்டு. சைக்கசில் பாளையுமில்லை, பூவுமில்லை. ஆண்செடியின் உச்சியிலே பெரிய கூம்பு ஒன்று நிமிர்ந்து எழும். அது முதிரும்போது கடுமணம் வீசும். பெண்செடியின் உச்சியிலே, கபில நிறத் தூவி போர்த்த, இலையா பூவா என்று சொல்லமுடியாத பல உறுப்புகள் கூடுபோல நெருங்கி நிற்கும். அவற்றின் ஓரங்களிலே, எந்தப் போர்வையுமின்றி, வெளிப்படையாகச் சூல்வித்துகள் அமர்ந்திருக்கும். அவை பருத்துச் செம்மஞ்சள் நிறம் பெறும்போது, புறா முட்டைகள் நிறைந்த கூடொன்றைப் பார்ப்பதுபோலத் தோன்றும்.

ஆண்பனை, பெண்பனை என்ற வேறுபாடு நமக்குப் புதிதன்று. பாளை வரும்வரை பனையின் பால் தெரியாததுபோலவே, கூம்பு வரும்வரை சைக்கசின் பாலும் தெரியாது. ஆனால் அதன்பின் நிகழ்வது பனையில் நிகழாத அற்புதம். 1896இல் யப்பானியத் தாவரவியலறிஞர் இக்கேனோ என்பவர், சைக்கசின் ஆண்விந்துகள் நுண்மயிர்களை அசைத்து நீரிலே நீந்திச் சென்று சூலை அடைகின்றன என்று கண்டறிந்தார். அதே ஆண்டில் அவருடைய தோழரான இராசே என்பவர் கிங்கோ மரத்திலும் இதனைக் கண்டார். பாசியும் பன்னமும் கையாளும் முறை இது. வித்துத் தரும் செடி ஒன்று, தன் சூலுக்குள்ளேயே ஒரு துளி நீரை வைத்துக்கொண்டு, அப்பண்டைய வழக்கத்தை இன்னும் கைவிடாதிருக்கின்றது.

இதன் குலம் 28 கோடி ஆண்டுகள் பழைமையானது. இராட்சதப் பல்லிகள் உலவிய காலத்தில் உலகெங்கும் பரந்திருந்தது. ஆயினும் இன்றுள்ள இனங்களை அக்காலத்திலிருந்து மாறாமல் வந்தவை என்று எண்ணலாகாது. அவற்றிற் பெரும்பாலானவை கடந்த 1 கோடி ஆண்டுகளையொட்டிய காலத்தில் கிளைத்தவை என்று 2011இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று. குலம் பழையது, குழந்தைகள் புதியவர்கள்.

அழகுக்குள் நஞ்சு

இனி, முற்றத்திலே இதனை அறிந்துவைத்திருத்தல் ஏன் அவசியம் என்பதைச் சொல்லுவோம்.

எம் உறவினர் வீடொன்றில் வாயிலின் இருபுறமும் இரண்டு சைக்கசுகள் நின்றன. அவற்றுள் ஒன்று பெண். ஓராண்டு அது நிறையக் காய்த்தது. செம்மஞ்சள் வித்துகள் உதிர்ந்து மணலிலே கிடந்தன. பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி விளையாடினார்கள். அவ்வீட்டு நாயும் ஒன்றிரண்டைக் கடித்துத் தின்றது. அன்று மாலையே வாந்தியெடுக்கத் தொடங்கிய அது, மிருக வைத்தியர் எவ்வளவோ முயன்றும் மூன்றாம் நாள் இறந்துபோயிற்று. காரணம் அறியாது வீட்டார் அயலவரை ஐயுற்றனர். வைத்தியர் வாந்தியில் கிடந்த வித்தின் ஓட்டைக் காட்டிய பின்னரே உண்மை விளங்கிற்று. அதே வித்துகள் அன்று காலைவரை அவ்வீட்டுச் சிறு பெண்ணின் சட்டைப்பையிலும் இருந்தன என்பதை எண்ணுந்தோறும் எமக்கு உடல் நடுங்குகின்றது.

சைக்கசின் எல்லாப் பாகங்களிலும் நஞ்சுண்டு. வித்திலே மிகுதியாக உண்டு. சைக்கசின் என்னும் அந்நஞ்சு ஈரலைத் தாக்குவது. அது புற்றுநோயை விளைவிப்பதென்று 1960களில் எலிகளிற் செய்த ஆராய்ச்சிகள் காட்டின. இலையைத் தொடர்ந்து மேய்ந்த மாடுகள் பின்னங்கால்கள் தளர்ந்து நடக்கமாட்டாது போவதும் உண்டு.

உலக வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் பல. 1770இல் கப்பித்தான் குக் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலே தங்கியபோது, பழங்குடி மக்கள் உண்பதைக் கண்டு அவருடைய ஆட்கள் சிலர் இவ்வித்தைத் தின்று பெரிதும் துன்புற்றனர். தின்ற பன்றிகள் இறந்தன. 1901இல், போவர் யுத்தத்தின்போது, பிற்காலத்தில் தென்னாபிரிக்காவின் பிரதமராக விளங்கிய சிமட்ஸ் தம் படையினருடன் மலைக்காட்டிலே பசிக்கு இவ்வினத்து வித்தைத் தின்று சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். பழங்குடியினர் தின்றும் சாகாமைக்குக் காரணம், அவர்கள் அதனைத் தின்னுமுன் அறிந்து செய்த வேலையே. வித்தை உடைத்து, நாட்கணக்கில் நீரிலிட்டு, நீரை மாற்றி மாற்றி நஞ்சைக் கழுவியெடுத்த பின்னரே அவர்கள் உண்டனர். நம் தீவின் கிராமங்களிலும் மடு வித்தின் மாவை இவ்வாறு பக்குவப்படுத்தி உண்ட வழக்கம் உண்டு.

ஆனால் பசி பொறுமையை அறியாது. யப்பானின் தெற்கேயுள்ள ஒக்கினாவாத் தீவுகளில், 1920களில் சர்க்கரை விலை வீழ்ந்து மக்கள் வறுமையுற்றபோது, அவர்கள் சைக்கசின் தண்டையும் வித்தையும் தின்று உயிர்வாழ நேர்ந்தது. சரியாகக் கழுவாது உண்டவர் பலர் இறந்தனர். அக்காலத்தை 'சைக்கசு நரகம்' என்றே அம்மக்கள் இன்றும் சொல்லுகின்றனர். ஆகவே, பக்குவம் அறிந்தவர்கள் உண்டார்கள் என்பதைக் கேட்டு எவரும் தம் சமையலறையில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

இல்லத்தரசிகள் ஒன்று கேட்கக்கூடும்: "இதனைச் சாகோ பாம் என்கிறார்களே, நாம் பாயசத்துக்கு இடும் சவ்வரிசி இதிலிருந்தா வருகின்றது?" அல்ல. அஞ்ச வேண்டியதில்லை. உண்மையான சாகோ, நியூகினியா முதலிய தீவுகளில் வளரும் வேறொரு மரத்தின் சோற்றிலிருந்து பெறப்படுவது. அது மெய்யான பனையினம். நம் கடைகளிற் கிடைக்கும் சவ்வரிசியோ மரவள்ளிக் கிழங்கின் மாவினாற் செய்யப்படுவது. சைக்கசுக்கு அப்பெயர் வந்தது தோற்றத்தினாலும், அதன் தண்டிலும் மாப்பொருள் இருப்பதனாலுமே. பெயர் ஒன்றாயிருப்பதனால் பொருளும் ஒன்றாகிவிடாது.

இவ்வளவு சொன்னபின், செடியை வெட்டியெறிந்துவிட வேண்டுமோ என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. அரளியும் நம் முற்றங்களில் நிற்கின்றது. அதனை அறிந்து வைத்திருப்பதனாலேயே நமக்குத் தீங்கில்லை. பெண்செடியாயின் சூல்வித்துகள் பருக்கத் தொடங்கியதும் கையுறை அணிந்து அவற்றை அகற்றிவிடுங்கள். ஆண்செடி அருகில் இல்லாவிடினும் அவை பருத்து நிறம்பெறும் என்பதை மறவாதீர்கள். அவை முளைக்கமாட்டா, ஆனால் நஞ்சு குறையாது. தவழும் குழந்தையும் நாய்க்குட்டியும் உள்ள வீட்டில் செடியைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் கைமருந்து செய்து காலந்தாழ்த்தாமல், தின்ற வித்தின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வளர்க்கும் முறை

பனையென்று எண்ணி வளர்ப்பவர்கள் தென்னங்கன்றுக்கு வார்ப்பதுபோல நாள்தோறும் தண்ணீர் வார்க்கின்றனர். பெரும்பாலான சைக்கசுகள் இறப்பது வறட்சியினாலன்று. வேரிலே நீர் தேங்கி அழுகுவதனாலேயே. தண்டுக்குள் சோறும் நீரும் சேமித்துவைத்துக்கொள்ளும் செடிக்கு நம் அன்பு அத்துணை வேண்டியதில்லை. வேர்வரை நனையும்படி ஒருமுறை நீரூற்றுங்கள்; மேல்மண் நன்கு காய்ந்த பின்னரே மறுமுறை ஊற்றுங்கள். மாரிகாலத்தில் சட்டியைக் கூரை நீர் விழாத இடத்துக்கு நகர்த்துங்கள்.

மண்ணிலே பாதிக்குமேல் ஆற்றுமணலும் குறுணிக்கல்லும் இருத்தல் நன்று. எஞ்சியது செம்மண்ணும் கூட்டெருவுமாக இருக்கலாம். தண்டின் அடியைப் புதைக்காமல் மேலே தெரியும்படி நடுக. கடற்கரை மணலிலும் நன்றாகவே வளரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணில் வளர்ப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அத்தகைய மண்ணிலே மங்கனீசுச் சத்து வேருக்கு எட்டாமற்போவதுண்டு. அப்போது புதிதாக வரும் இலைகள் மஞ்சளித்து, நெருப்பிலே காட்டியவைபோலச் சுருண்டு கருகும். பழைய இலைகள் பசுமையாயிருக்கப் புதிய இலைகள் மட்டும் இவ்வாறாயின், அது நோயன்று, குறைபாடு. மங்கனீசு சேர்ந்த பசளையை இட்டால் அடுத்த குருத்து நன்றாக வரும்.

சட்டி மாற்றும்போது மண்ணின் மேற்பரப்பை ஒட்டி, முருகைக்கல்லைப் போலக் கிளைத்த சிறு வேர்க்கொத்துகளைக் காண்பீர்கள். இவை வேர்நோய் என்று எண்ணிச் சிலர் வெட்டியெறிவர். அவ்வாறு செய்யற்க. அவ்வேர்கள் பூமியை நோக்கிச் செல்லாது வெளிச்சத்தை நோக்கி எழுபவை. அவற்றுள் ஒன்றைக் குறுக்கே வெட்டினால் நீலப்பச்சை வளையமொன்று தெரியும். அங்கே குடியிருக்கும் நீலப்பச்சை அல்கா, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கின்றது. பயற்றங்கொடியின் வேர்முடிச்சில் பற்றீரியா செய்யும் அதே உபகாரம் இது.

புதுச் செடி பெறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதிர்ந்த செடியின் அடியிலே குமிழ்போல முளைக்கும் பக்கக் கன்றுகளைக் கூரிய கத்தியாற் பிரித்து, இலைகளை வெட்டிவிட்டு, வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் வைத்தபின் மணலில் பதியலாம். வேர்விடப் பல மாதங்கள் செல்லும். அதுவரை நீரைச் சிக்கனமாகத் தெளித்து வருக. மற்றது வித்து. கையுறை அணிந்து வெளித்தோலை அகற்றி, மணலிலே பக்கவாட்டாகக் கிடத்தி, பாதி மட்டும் புதைய வையுங்கள். பனங்கிழங்குக்குப் பாத்தி போட்டு அறிந்தவர்களுக்கு இதிலே பழகிய காட்சி ஒன்று உண்டு: வித்து இருந்த இடத்திலேயே இருக்க, வேர் முதலில் கீழே இறங்கும், பின்னரே ஓரிலை மேலே வரும். ஆனால் பனங்கொட்டையின் வேகத்தை எதிர்பார்த்து, முளைத்ததா என்று கிண்டிப் பார்க்கக்கூடாது.

பகைவர் இருவர். ஒருவர் அழகானவர். நம் நாட்டிலும் இந்தியாவிலும் பறக்கும் சிறு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று, சைக்கசின் இளங் குருத்தைத் தேடிவந்து முட்டையிடும். அதன் புழுக்கள் முற்றிய இலையைத் தீண்டா. மென்குருத்தை மட்டும் தின்னும். எறும்புகள் அப்புழுக்களுக்குக் காவல் நிற்கும். ஓராண்டுக்கு ஒரு கூட்டம் இலைவிடும் செடிக்கு அதனை இழப்பது ஓராண்டு உழைப்பை இழப்பதாகும். நஞ்சு தெளிக்க வேண்டியதில்லை. குருத்து எழும்பிய நாள்முதல் அது முற்றும்வரை பழைய நுளம்புவலைத் துண்டொன்றால் உச்சியைப் போர்த்திவைத்தாற் போதும். நாம் ஆண்டுதோறும் அவ்வாறே செய்கின்றோம். மற்றப் பகைவர் செதிற்பூச்சி. தாய்லாந்தைச் சேர்ந்த வெண்ணிறச் செதிற்பூச்சி ஒன்று, செடி வாணிபத்தோடு நாடு நாடாகச் சென்று, 2003இல் குவாம் தீவை அடைந்து, அங்குள்ள காட்டுச் சைக்கசுகளைக் கூட்டங் கூட்டமாக அழித்தது. ஆதலின் புதிதாக ஒரு செடி வாங்கினால் இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். சுண்ணாம்பு தெளித்ததுபோல வெண்புள்ளிகள் தெரிந்தால் வாங்காதீர்கள். வீட்டுச் செடியிலே கண்டால் அவ்விலைகளை வெட்டி எரித்து, மிகுதியைச் சவர்க்காரமும் வேப்பெண்ணெயும் கலந்த நீரால் கழுவுங்கள்.

காட்டிலே நிற்பவை

எம் முற்றத்தில் நிற்பது யப்பானிலிருந்து வந்த இனம். நம் தீவுக்கே உரிய சைக்கசுகளும் உண்டு என்பதைப் பலர் அறியார். பழைய நூல்கள் அவற்றை எல்லாம் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய இனத்தோடு ஒன்றாகவே எண்ணின. இன்று அவை இரண்டு தனி இனங்களாகக் கொள்ளப்படுகின்றன. ஒன்று நதோர்ஸ்த் என்னும் அறிஞரின் பெயரைத் தாங்கியது. இலங்கையின் வட பகுதியிலும் தமிழ்நாட்டிலும் வளர்வது. நதோர்ஸ்த், பாறையிலே பதிந்த பண்டைத் தாவரங்களை ஆராய்ந்த சுவீடன் நாட்டவர், 1921இல் மறைந்தார். மற்றது இலங்கையின் பெயரையே தாங்கியது. நம் கரையோரத்திலும் அந்தமான், நிக்கோபார்த் தீவுகளிலும் காணப்படுவது. அதன் வித்து கடலிலே மிதந்து செல்லவல்ல இனங்களைச் சேர்ந்தது.

உலகிலே இன்று 350க்கு மேற்பட்ட சைக்கசுக் குல இனங்கள் உள்ளன. அவற்றில் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டவை அழிவை எதிர்நோக்கியுள்ளன. காட்டை அழிப்பது ஒரு காரணம். அழகுக்காகக் காட்டிலிருந்து கிண்டியெடுத்து விற்பது மற்றொரு காரணம். அதனாலேயே இக்குலம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ்ப் பாதுகாக்கப்படுகின்றது. திருப்பதி மலைப்பகுதிக்கே உரிய இனமொன்று அவ்வுடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இதன் துயரத்தைத் தென்னாபிரிக்க இனமொன்றின் கதை எடுத்துக்காட்டும். 1895இல் வூட் என்னும் தாவரவியலறிஞர் நேட்டாலின் நொகோயே காட்டிலே புதிய இனமொன்றைக் கண்டார். ஒரு புதர், அதிலுள்ள தண்டுகள் யாவும் ஆண். அதன்பின் நூறாண்டுக்கு மேலாகத் தேடியும் ஒரு பெண்செடி அகப்படவில்லை. காட்டிலே எஞ்சிய தண்டும் 1916இல் அகற்றப்பட்டது. இன்று இலண்டன் கியூ பூந்தோட்டத்திலும் உலகின் வேறு தோட்டங்களிலும் நிற்பவை யாவும் அந்த ஒரே ஆணின் பக்கக் கன்றுகள். ஆண்டுகள் பல வாழும், கூம்பு விடும், மகரந்தம் சொரியும், ஆனால் தன் இனத்து வித்து ஒன்றையேனும் அதனால் தரமுடியாது.

ஆண் வேறு பெண் வேறாக நிற்கும் செடியைக் காட்டிலிருந்து ஒன்றிரண்டு எடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே மறுமொழி. ஒரு பெண்ணை எடுத்துவிட்டால் அயலிலுள்ள ஆண்கள் அனைத்தும் வீணாகிவிடும். ஆகவே, சைக்கசு வளர்க்க விரும்பும் அன்பர்கள் வித்திலிருந்தோ பக்கக் கன்றிலிருந்தோ வளர்த்த செடியை வாங்குவார்களாக. வேரறுந்த பெருந்தண்டு ஒன்றைக் குறைந்த விலைக்கு ஒருவர் கொண்டுவந்தால், அது எங்கிருந்து வந்ததென்று கேட்பார்களாக.

ஓராள் உயரத்துக்கு வளர அரை நூற்றாண்டு எடுக்கும் செடி இது. தென்னாபிரிக்காவிலிருந்து 1775இல் கியூ பூந்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட சைக்கசுக் குலச் செடியொன்று இன்றும் அங்கே தன் சட்டியில் நிற்கின்றது. இன்று நாம் நடும் கன்றின் நிழல் நமக்கு வாய்க்காது; நம் பேரப்பிள்ளைகளுக்கே அது வாய்க்கும். அவர்களிடம் செடியை ஒப்படைக்குமுன் அதன் பெயரையும் அதன் நஞ்சையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்துவிடுவோமாக. மாணவர்கள் நாளை பாடசாலைக்குச் செல்லும் வழியில் ஒரு சைக்கசைக் கண்டால், சற்று நின்று, சிற்றிலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் ஒற்றை நரம்பைப் பார்த்துவிட்டுப் போவார்களாக. வீடு திரும்பியதும் கையைக் கழுவிக்கொள்ளவும் மறவாதிருப்பார்களாக.